சிங்கப்பூருக்கு 4 மணி நேரமா?

திருச்சியில் ஏறினால் 4 மணி நேரத்தில் சிங்கப்பூர்! எல்லோரும் இப்படித்தான் சொல்லுகிறார்கள். அது பொய் அல்ல. வான்வழித் தூரம் சுமார் 3 ஆயிரம் கிலோமீட்டர். ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. கணக்கு சரிதான்.

ஆனால், புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் மகனை வழியனுப்பும் தாய்க்கு இந்தக் கணக்கு போதாது. அவள் வீடு விமான நிலையத்திலா இருக்கிறது?

அந்தக் கடற்கரை ஊரிலிருந்து அறந்தாங்கி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சி விமான நிலையம் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். காரில் போனாலும் 3 மணி நேரம் ஒதுக்கவேண்டும். வெளிநாட்டு விமானம் என்றால் 3 மணி நேரம் முன்னதாக வரச் சொல்லுகிறார்கள். அப்புறம் 4 மணி நேரம் பறக்கவேண்டும். இறங்கி, பாஸ்போர்ட் காட்டி, பெட்டியை எடுத்து, தங்கும் இடம் சேர இன்னும் 2 மணி நேரம். ஆக மொத்தம் 12 மணி நேரம்! பறந்தது அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

கடிகாரம் வேறு வேடிக்கை காட்டும். இரவு 10 மணிக்குத் திருச்சியில் புறப்பட்டால், இறங்கும்போது சிங்கப்பூர் கடிகாரத்தில் மணி 4½. திரும்பும்போது இரவு 10 மணிக்குப் புறப்பட்டு, 11½ மணிக்கே திருச்சி வந்துவிடலாம்! விமானம் பறந்தது என்னவோ அதே 4 மணி நேரம்தான். சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதைவிட 2½ மணி முந்தியது. (1982-ம் ஆண்டுக்கு முன் 2 மணிதான். அந்த ஆண்டு ஜனவரி 1-ந் தேதி அவர்கள் அரைமணி தள்ளிவைத்தார்கள்.)

ஒருகாலத்தில் 'ரஜூலா' கப்பலில் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போக ஒரு வாரம் போல ஆயிற்று. ஜெட் விமானம் அதை மணிக்கணக்காகச் சுருக்கியது. அதோடு சரி. 1960-களில் பறந்த வேகத்தில்தான் இன்றைய விமானங்களும் பறக்கின்றன. ஒலியை மிஞ்சிய 'கன்கார்டு' 2003-ல் ஓய்ந்துவிட்டது. ஆகவே, வானத்தில் நேரம் இனிக் குறையும் என்று நம்பிப் பயன் இல்லை. தரையில்தான் குறைக்கவேண்டும்.

மலிவு டிக்கெட் என்று கொழும்பில் விமானம் மாறுவோர் உண்டு. காத்துக் கிடக்கும் நேரத்தையும் விலையோடு சேர்த்துப் பார்ப்பது நல்லது.

வீட்டில் ஒரு சாவு விழுந்தால்தான் இந்தக் கணக்கு உறைக்கும். முஸ்லிம் குடும்பங்களில் அடக்கத்தைத் தாமதிக்கமாட்டார்கள். காலை 6 மணிக்கு மகனுக்குச் செய்தி போகிறது. கையோடு டிக்கெட் கிடைத்தாலும், அவன் வாசல் மிதிக்க இரவாகிவிடும். தகப்பன் முகத்தைப் பார்ப்பானா, மாட்டானா? ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் இருக்கிறது அது!

அதனால்தான், விமானம் வரும் நேரத்தை ஒட்டி பஸ் விடவேண்டும் என்பது. நடுநிசியில் விமானம் இறங்கினாலும், வாசலில் 'கோட்டைப்பட்டினம்' என்று பலகை மாட்டிய ஒரு பஸ் நிற்கட்டும். மணமேல்குடிக்காரர்களும் மீமிசல்காரர்களும் அதில் ஏறிக்கொள்வார்கள்.