முகம் கழுவ நாலாயிரம் ரூபா எதற்கு?



"மலிவான சாமானால மேக்கப் கழுவினா பிறகு ஸ்கின் டொக்டருக்குத்தான் காசு கட்டணும்." நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப்களில் ஒன்லைன் வியாபாரம் செய்கிறவர்கள் இதைப் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். கூடவே நாலாயிரம் ரூபாவுக்கு மேல் விலை போட்ட ஒரு குட்டிப் போத்தலின் போட்டோ. அதற்குக் கீழே "எனக்கும் ஒன்று வைங்க ராத்தா" என்று ஒரு வரிசை. அந்த வரிசையில், உம்மா இடியப்பம் அவித்து விற்றுப் படிப்பிக்கிற பிள்ளையும் நிற்கிறாள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அவர்கள் சொல்வது உண்மை இல்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் என்ற முறையில் ஏன் இல்லை என்றும் சொல்கிறேன்.

பீங்கானில் ஒட்டிய நெய் வெறும் தண்ணீரில் போகாது என்பது எல்லோருக்கும் தெரியும். எண்ணெயைப் பிடிக்கும் ஒரு முனையும் தண்ணீரைப் பிடிக்கும் மறு முனையும் உள்ள ஒரு பொருள் நடுவில் வேண்டும். முகம் கழுவும் எந்தச் சாமானிலும் வேலை செய்வது அந்தப் பொருள்தான். நாலாயிரம் ரூபாப் போத்தலிலும் அதுதான், அறுநூறு ரூபாப் போத்தலிலும் அதுதான். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். "இதில் விற்றமின் சி இருக்கு, கொலாஜன் இருக்கு, தங்கத்தூள் இருக்கு" என்கிறார்கள். இருக்கட்டும். முகத்தில் ஒரு நிமிஷம் நின்று தண்ணீரோடு கானுக்குள் போகிற சாமானில் தங்கம் இருந்தால் லாபம் கானுக்குத்தான்.

விலை ஏன் ஏறியது என்பதும் நமக்குத் தெரியாததல்ல. 2022இல் டொலர் இருநூறு ரூபாவில் இருந்து முந்நூற்று அறுபதைத் தாண்டியது. அந்த வருஷம் ஓகஸ்டில் இறக்குமதியை நிறுத்திய சாமான்களின் பட்டியலில் அழகுசாதனப் பொருட்களும் இருந்தன. பிறகு திரும்ப வந்தன, வரியோடு வந்தன. போத்தலுக்குள் இருந்தது மாறவில்லை. கூடக் கொடுத்த காசு ரூபா விழுந்ததற்கும் வரிக்கும் கொடுத்த காசு. அது தோலுக்கு மென்மையாக இருப்பதற்கான விலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியென்றால் மலிவானது எல்லாம் நல்லதா? இல்லை. இதில் நம்ம வீடுகளுக்கும் சண்டை வைக்கத்தான் வேண்டும். கல்யாண வீட்டிலிருந்து இரவு பன்னிரண்டு மணிக்கு வந்து, கிணற்றடியில் இருக்கிற உடுப்புக் கழுவும் சவர்க்காரத்தைத் தேய்த்து முகம் கழுவும் பிள்ளைகள் எத்தனை பேர்? நம்முடைய தோலின் மேற்பரப்பு கொஞ்சம் அமிலத்தன்மையானது, பிஎச் ஐந்து அளவில் இருக்கும். சாதாரண சவர்க்காரக் கட்டி ஒன்பது, பத்து. கழுவியதும் முகம் இழுத்துப் பிடிக்கிறதே, விரலால் தேய்த்தால் கீச்சென்கிறதே, அதைச் சுத்தம் என்று நினைக்கிறோம். தோலுக்குச் சொந்தமான எண்ணெயையும் சேர்த்து உரித்து எடுத்துவிட்டோம் என்பதுதான் அதன் அர்த்தம்.

"இயற்கை" கூட்டம் ஒன்றும் இருக்கிறது. தேசிக்காயும் அப்பச்சோடாவும். தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் எரிந்து கறுத்துப் போகும், கொப்புளமும் போடும். நம்ம கிழக்கு வெயிலில் இதைப் பூசிக்கொண்டு டியூசன் கிளாசுக்கு நடந்து போகச் சொல்கிறவர்களை என்ன செய்வது? அப்பச்சோடா அப்பத்துக்கு.

சரி, எதை வாங்குவது? லேபலின் முன்பக்கத்தை விடுங்கள். பூவும் அவகாடோவும் படம்தான். "ஹைப்போஅலர்ஜெனிக்" என்ற சொல்லுக்கு அமெரிக்காவில்கூடச் சட்டத்தில் வரையறை கிடையாது. எந்தக் கம்பனியும் போடலாம். பின்பக்கத்தைப் பாருங்கள். கூடுதலாக உள்ளது முதலில், குறைவாக உள்ளது கடைசியில் என்றுதான் பெயர்களை எழுதுவார்கள். முதல் நாலைந்து பெயருக்குள் சோடியம் லோரில் சல்பேட் இருந்தால் வைத்துவிடுங்கள். தோல் எரிச்சலைப் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் வேண்டுமென்றே எரிச்சல் உண்டாக்கப் பாவிக்கிற பொருளே அதுதான். கோகமிடோப்ரோபில் பீட்டேன், சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் என்று இருந்தால் பெரும்பாலானோருக்கு மென்மையானது. பிராக்ரன்ஸ், பர்பியூம் என்ற சொல் இல்லாவிட்டால் இன்னும் நல்லது. மணம் முகத்துக்குத் தேவையில்லை. இந்தக் கணக்கில் தேர்ந்தால் சாதாரண பாமசித் தட்டில் நாலில் ஒரு விலைக்குச் சாமான் கிடைக்கும். பாமசியில் விற்கும் அக்குவஸ் கிரீமும் லேசான மேக்கப்புக்குப் போதும், ஆனால் பூசி உடனே கழுவிவிட வேண்டும். அதிலும் அந்தச் சல்பேட் இருப்பதுண்டு. தோலில் பூசி அப்படியே விட்டால் எரிச்சல் வரலாம் என்று 2013இல் பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது. எதை வாங்கினாலும் முழங்கை மடிப்பில் இரண்டு மூன்று நாள் பூசிப் பார்த்த பிறகு முகத்துக்குப் போங்கள்.

கல்யாண மேக்கப் வேறு கதை. தண்ணீரில் கரையாத பவுண்டேசன், மஸ்காரா, பல மணி நேரம் நிற்கும் லிப்ஸ்டிக். இதற்கு எந்த நுரையும் சரிவராது, தேய்த்துத் தேய்த்துத் தோல்தான் புண்ணாகும். எண்ணெயை எண்ணெயால்தான் எடுக்க வேண்டும். வீட்டில் குழந்தைக்குப் பூசும் பேபி ஒயிலோ வாசிலினோ கொஞ்சம் எடுத்து, ஈரமில்லாத முகத்தில் விரல் நுனியால் ஒரு நிமிஷம் மெதுவாகச் சுற்றுங்கள். கண்ணுக்கு மட்டும் பஞ்சில் நனைத்து, இமை மேல் அரை நிமிஷம் சும்மா வைத்திருந்து கீழ்நோக்கித் துடையுங்கள். பிறகு மென்மையான துணி, அதற்குப் பிறகுதான் கிளென்சர். தேங்காய் எண்ணெயும் இதே வேலையைச் செய்யும், ஆனால் முகப்பரு வருகிற பிள்ளைகளுக்கு வேண்டாம், துவாரத்தை அடைக்கும். மைசெலர் வோட்டர் பாவிக்கிறவர்கள் "கழுவத் தேவையில்லை" என்று எழுதியிருந்தாலும் ஒரு தரம் தண்ணீரால் கழுவிவிடுங்கள். வைப்ஸ் பயணத்துக்கு மட்டும்.

இந்த இடத்தில் நானாமார் சிலர் வருவார்கள். "டீச்சர், மேக்கப் போடாதீங்க என்று சொல்லாமல் கழுவுவதைப் படிப்பிக்கிறீங்களே." சொல்கிறேன் நானா. உங்கள் மகளின் வலீமாவுக்கு பார்லருக்குக் கொடுத்த காசு யாருடையது? மேடையில் வைத்துப் போட்டோ எடுக்கும்போது இந்தக் கேள்வி வரவில்லை. அவள் இரவு அதைக் கழுவத் தெரியாமல் முகம் எரிந்து அழும்போது மட்டும் வருகிறது. பத்வா சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் வுழூவுக்குத் தண்ணீர் தோலில் பட வேண்டும் என்பது நம்ம சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தண்ணீர் ஏறாத பூச்சு தண்ணீரைத் தோலுக்கு விடாது. கல்யாண வீட்டில் மஃரிபும் இஷாவும் களாவாகிற பெண்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். ஐந்து நிமிஷத்தில் முகத்தைப் புண்ணாக்காமல் அதை எடுக்கும் முறையைச் சொல்லிக் கொடுப்பதை ஏன் குறையாகப் பார்க்கிறீர்கள்?

எனக்கு உண்மையில் கோபம் வருவது இனிச் சொல்லப்போவதில்தான். அந்த நாலாயிரம் ரூபாப் போத்தலோடு "இலவசமாக" ஒரு சின்ன டப்பா வருகிறது. நைட் கிரீம். செய்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, இறக்குமதி செய்தவர் யார் என்று இல்லை. "நகையில் படாமல் பூசுங்க" என்று மட்டும் சொல்லிக் கொடுப்பார்கள். தங்கத்தில் படக்கூடாது என்று ஏன் சொல்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பாதரசம் தங்கத்தோடு சேரும் என்பதனால்! தோல் கறுப்பு நிறத்தை உண்டாக்குவதைத் தடுப்பது பாதரசம். அதே பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் போய்ச் சேரும். இலங்கையும் சேர்ந்துள்ள மினமாட்டா ஒப்பந்தம், மில்லியனில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள தோல் வெளுக்கும் கிரீம்களையும் சவர்க்காரங்களையும் 2020உடன் நிறுத்தச் சொன்னது. நம்ம குரூப்பில் இன்னும் டிஸ்கவுண்டில் போகிறது.

வகுப்பில் பார்க்கிறேன். பர்தாவுக்குள் கன்னம் இரண்டும் சிவந்து, தோல் உரிந்து. அதை மறைக்கப் பவுண்டேசன், அதைக் கழுவ இன்னும் கடுமையான சாமான், எரிந்தால் திரும்பவும் அதே டப்பா. பதினாறு வயது. கறுப்பாய் இருக்கிறாள் என்று மாமிமார் சொன்னதில் தொடங்கியது இது.

விற்கிற தங்கச்சிமார்களே, உங்கள் வியாபாரத்தில் மண் போட நான் வரவில்லை. வீட்டிலிருந்து உழைக்கிறீர்கள், அது பெருமை. ஆனால் லேபலின் பின்பக்கத்தைத் தெளிவாகப் போட்டோ எடுத்துப் போட்டு வில்லுங்கள். பெயர் இல்லாத டப்பாவை எடுத்து எறியுங்கள்.

முகம் ஏற்கெனவே சிவந்து வீங்கியிருந்தால் பூசுகிற எல்லாவற்றையும் இன்றைக்கே நிறுத்துங்கள். அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குக் காசு இல்லை. போகும்போது பாவித்த போத்தலையும் அந்த டப்பாவையும் கையில் கொண்டு போங்கள், டொக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.