ஹோய் ஆன்: தெருவோரச் சாப்பாட்டுக்கு ஒரு கைடு தேவையா?

வியட்நாமின் நடுப்பகுதியில் இருக்கும் ஹோய் ஆன் என்ற பழைய துறைமுக ஊருக்குப் போகிறவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்துவிடலாம். மாலை ஆனதும் ஒரு வழிகாட்டியின் பின்னால் மூன்று நான்கு மணி நேரம் நடந்து, ஏழெட்டுக் கடைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு வருவது ஒரு கட்சி. "தெருவில் விற்கிற சாப்பாட்டைச் சாப்பிட எதற்கய்யா கைடு?" என்று கேட்பது இன்னொரு கட்சி.

இரண்டாவது கட்சியின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. தெருவோரத்தில் ஒரு கிண்ணம் காவ் லாவ் சுமார் 40,000 டாங்குக்குக் கிடைத்துவிடும். உணவு நடைக்கு ஒருவரிடம் வாங்கும் கட்டணமோ அதைப்போலப் பத்து மடங்கு, சில இடங்களில் இருபது மடங்கு. தெருவோரச் சாப்பாடு என்பதே கையில் அதிகம் காசில்லாதவரும் வயிறாரச் சாப்பிட ஏற்பட்டது. அதற்கு நுழைவுக் கட்டணம் வைத்தது போல ஆகிவிடவில்லையா?

ஆனாலும் முதல் நாள் மாலை அந்த நடையில் சேர்ந்துகொள்வதுதான் நல்லது. நிபந்தனை ஒன்றுதான். இரண்டாம் நாள் மாலை அதே கடைகளுக்குத் தனியாகப் போய்ச் சாப்பிடும் அளவுக்கு அந்த நடை சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அதைச் செய்யாத நடைக்குக் கொடுக்கிற பணம் தண்டம்.

கிண்ணத்தில் இருக்கும் ஊர்

ஹோய் ஆன் து போன் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டிலிருந்து 19-ஆம் நூற்றாண்டு வரை பெரிய வணிகத் துறைமுகம். சீனர், ஜப்பானியர், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர் எல்லோரும் வந்து போனார்கள். 1630-களில் ஜப்பான் தன் மக்கள் வெளிநாடு போவதைத் தடை செய்தபின் இங்கிருந்த ஜப்பானியக் குடியிருப்பு மெல்லத் தேய்ந்தது. அவர்கள் நினைவாக நிற்கும் கூரையிட்ட பாலம்தான் இன்று வியட்நாமின் 20,000 டாங் நோட்டில் இருக்கிறது. பிறகு ஆற்றில் மணல் சேர்ந்து பெரிய கப்பல்கள் வர முடியாமல் போனதும் வணிகம் டா நாங் துறைமுகத்துக்கு நகர்ந்தது. ஊர் வளரவில்லை. வளராததால் பழைய வீடுகள் பிழைத்தன. 1999-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2025 ஜூலை 1 முதல் குவாங் நாம் மாகாணம் டா நாங்குடன் இணைக்கப்பட்டதால் ஹோய் ஆன் இப்போது தனி நகராட்சி கூட அல்ல, டா நாங்கின் சில வார்டுகள். ஆனால் ஊர்க்காரர்களுக்கு அது ஹோய் ஆன்தான்.

இந்தச் சரித்திரத்தை வீடுகளில் பார்ப்பதைவிடச் சாப்பாட்டில் பார்ப்பது சுலபம். காவ் லாவையே எடுத்துக்கொள்ளலாம். அரிசியைச் சாம்பல் கரைத்துத் தெளியவைத்த நீரில் ஊறவைத்து அரைத்துச் செய்யும் தடித்த நூடுல்ஸ் அது. பழுப்பு நிறம், மெல்லும்போது ஒரு பிடிப்பு. மேலே சீனப் பாணியில் சமைத்த பன்றி இறைச்சித் துண்டுகள், ஊருக்கு வெளியே இருக்கும் த்ரா குவே கிராமத்துக் கீரைகள், அதே நூடுல்ஸ் மாவைப் பொரித்த மொறுமொறுப்பான வில்லைகள். சாறு நாலைந்து கரண்டிக்கு மேல் கிடையாது. பார்த்தால் ஜப்பானிய உடோன் போல இருக்கிறது என்பார்கள் சிலர், சீனத்து நூடுல்ஸ் என்பார்கள் சிலர். வியட்நாமின் மற்ற ஊர்களில் தேடினால் இதே ருசியில் கிடைப்பது அரிது.

மஞ்சள் சோற்றின் மேல் பிய்த்துப் போட்ட கோழியும் வெங்காயமும் கீரையும் வைத்துத் தருகிற கொம் கா, சீனத்து ஹைனான் கோழிச் சோற்றுக்கு உறவு. பான் மீ என்கிற ரொட்டியைக் கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அதற்குள் வைக்கிற மிளகாயும் ஊறுகாயும் கொத்தமல்லியும் உள்ளூர்ச் சரக்கு. இதையெல்லாம் யாராவது எடுத்துச் சொன்னால்தான் தெரியும். சொல்லாவிட்டாலும் ருசிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் "நூடுல்ஸ் நன்றாக இருந்தது" என்பதோடு ஊர் முடிந்துவிடும்.

தனியாகப் போனால் என்ன ஆகும்?

முதல் நாள் மாலை தனியாகப் புறப்படுகிறவர் எங்கே போய் நிற்பார்? ஆற்றங்கரைக்குத்தான். பழைய ஊருக்குள் மாலையில் வண்டிகள் வராது. வண்ண வண்ணக் காகித விளக்குகள் எரியும். கரையோர உணவகங்களில் ஆங்கிலத்தில் அச்சிட்ட மெனு இருக்கும். அதில் காவ் லாவும் இருக்கும், பீட்சாவும் இருக்கும். உட்கார்ந்துவிடுவார். சாப்பிட்டுவிட்டு, "ஹோய் ஆன் உணவு இவ்வளவுதானா?" என்று எழுந்து போவார்.

நல்ல கடைகள் பெரும்பாலும் ஒற்றைப் பண்டம் விற்கிறவை. அவற்றுக்கு மெனு கிடையாது. முழங்கால் உயரப் பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு அண்டா, பலகையில் பண்டத்தின் பெயர். சில கடைகள் காலையில் மட்டும், சில இருட்டிய பிறகு மட்டும், பல கடைகள் சரக்கு தீரும்வரை மட்டும். வியட்நாமிய மொழியை ரோமன் எழுத்தில் எழுதுவதால் பலகையைப் படித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் எழுத்தின் மேலும் கீழும் இருக்கும் புள்ளிகளிலும் கோடுகளிலும் பல தொனியைக் குறிப்பவை. தொனி மாறினால் சொல்லே மாறிவிடும். போதாக்குறைக்கு குவாங் நாம் வட்டாரப் பேச்சு வடக்கு வியட்நாமியருக்கே சட்டென்று பிடிபடாது.

ஆற்றைக் கடந்து கம் நாம் பக்கம் போனால் பான் டப் என்று ஒன்று கிடைக்கும். அப்பளம் போலச் சுட்ட அரிசித் தகட்டின் மேல் ஆவியில் வெந்த ஈரமான தகட்டை விரித்து, கையால் ஓங்கித் தட்டி உடைத்துத் தின்பது. தொட்டுக்கொள்ளப் புளிக்கவைத்த நெத்திலியில் செய்த மம் நெம். அதன் வாடைக்கே பழக்கமில்லாதவர் பத்தடி தள்ளி நிற்பார். அதில் அன்னாசியும் பூண்டும் மிளகாயும் கலந்து, "இப்படித் தட்டு, இப்படித் தொடு" என்று ஒருவர் காட்டினால்தான் முதல் கடி இறங்கும். இரண்டாவது கடிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு வழிகாட்டி இன்னும் அவசியம். பார்த்தால் வெறும் கீரையும் நூடுல்ஸுமாக இருக்கும், உள்ளே மீன் சாறு கலந்திருக்கும். மீன் சாறு அந்த ஊர்ச் சமையலில் உப்பு மாதிரி. அதை மாமிசக் கணக்கில் சேர்க்கவே பலருக்குத் தோன்றாது. 'சாய்' என்ற சொல்லுக்கு அங்கே சைவ உணவு என்று பொருள். பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடுவதால் அந்த நாட்களில் சைவக் கடை தேடுவது எளிது. இந்த ஒரு சொல்லையும் இந்த இரண்டு நாளையும் தெரிந்துகொண்டாலே கொடுத்த காசில் பாதி தேறிவிடும்.

சுத்தம் பற்றிய பயமும் ஒன்று உண்டு. கைடு கூட்டிப்போகும் கடை என்றால் பயமில்லை என்று சிலர் நம்புகிறார்கள், பிரபலமான கடை என்றால் பயமில்லை என்று சிலர் நம்புகிறார்கள். 2023 செப்டம்பரில் ஹோய் ஆனிலேயே மிகப் பெயர்பெற்ற ஒரு பான் மீ கடையில் சாப்பிட்ட 300-க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள், வெளிநாட்டினர் உட்பட. ஆகவே புகழ் ஒரு சான்றிதழ் அல்ல. சரக்கு சீக்கிரம் தீர்கிற கடை எது, கண்ணெதிரே சூடாக எடுத்துத் தருவது எது, வெகுநேரம் வெளியே இருந்த இறைச்சி எது என்று கவனிக்கக் கற்றுக்கொடுக்கிற கைடு, "இங்கே தைரியமாகச் சாப்பிடுங்கள்" என்று மட்டும் சொல்கிற கைடைவிட மேல்.

நடைகள் கெடுவது எங்கே?

இவ்வளவு சொன்னதால் எல்லா உணவு நடைகளும் நல்லவை என்று ஆகிவிடாது. நாலு ஸ்டூல் போட்ட கடையில் பதினைந்து பேரைக் கொண்டுபோய் நிறுத்துகிற நடைகள் இருக்கின்றன. அரை மணி நேரம் கடை அடைபட்டுப் போகிறது. தினமும் அங்கே சாப்பிடுகிற பக்கத்துத் தெருக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார். பதினைந்து பேரும் சேர்ந்து நாலு கிண்ணத்தைப் பங்கிட்டு ருசி பார்க்கிறார்கள், நாற்பது புகைப்படம் எடுக்கிறார்கள். கடைக்காரம்மாவுக்குக் கிடைப்பது நாலு கிண்ணத்தின் விலை. இது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு கேடு, கதை. காவ் லாவ் நூடுல்ஸை பா லே கிணற்றுத் தண்ணீரிலும் கடலுக்குள் இருக்கும் சாம் தீவுகளின் மரச் சாம்பலிலும்தான் செய்ய முடியும் என்று ஏறக்குறைய எல்லா நடைகளிலும் சொல்கிறார்கள். அழகான கதைதான். சொல்லட்டும், கதை என்று சொல்லிவிட்டுச் சொல்லட்டும். அந்த நூடுல்ஸை இன்று ஊருக்குச் செய்து கொடுப்பவை கைவிட்டு எண்ணக்கூடிய சில குடும்பங்கள். நடு இரவில் எழுந்து மாவு அரைத்து, பிசைந்து, ஒரு முறைக்கு மேல் ஆவியில் வேகவைத்து, விடிவதற்குள் கடைகளுக்கு அனுப்புகிற வேலை அது. கிணற்றைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுகிறவர்கள் அந்த வேலையைப் பற்றி ஒரு நிமிடமாவது பேசலாம் அல்லவா?

யாருக்கு என்ன நஷ்டம்?

இதெல்லாம் ஒரு வேளைச் சாப்பாட்டுச் சமாச்சாரம் என்று தள்ளிவிட முடியாது. யுனெஸ்கோ பட்டியல் ஓடுகளையும் சுவர்களையும் காப்பாற்றும். ஒரு அம்மா மாலையில் காவடித் தண்டில் சுமந்து வந்து விற்கிற இஞ்சிப்பாகு ஊற்றிய தோஃபுவையோ கறுப்பு எள்ளுக் கஞ்சியையோ அது காப்பாற்றாது. அதைக் காப்பாற்றுவது தினமும் வாங்குகிற ஆள்தான். பழைய ஊரின் வீட்டுக்காரர்கள் பலர் வீட்டைத் துணிக்கடைக்கும் காபிக்கடைக்கும் வாடகைக்கு விட்டுவிட்டு வெளியே குடிபோய்விட்டார்கள். வாடிக்கைக்காரர் போன பிறகு தெருக்கடைக்கு மிஞ்சுவது பயணி மட்டும்.

பயணியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை ஊர் ஏற்கெனவே பார்த்துவிட்டது. கொரோனாவால் 2020 மார்ச் முதல் 2022 மார்ச் வரை வெளிநாட்டுச் சுற்றுலா ஏறக்குறைய நின்றே போனது. 2025 அக்டோபர் கடைசியில் வந்த பெருவெள்ளம் பழைய ஊரை மூழ்கடித்தது. அப்படிப்பட்ட நாட்களில் கதவடைத்து, மாடிக்குச் சரக்கு ஏற்றிவிட்டு, பிறகு திறக்க ஒரு உணவகத்தால் முடியும். அன்றன்று விற்று அன்றன்று அரிசி வாங்குகிறவர் என்ன செய்வார்?

ஆகவே நடையில் சேர்கிறவர் கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்பது முக்கியம். பணம் கட்டுவதற்கு முன் நாலு கேள்வி கேட்டால் போதும்.

1. எத்தனை பேர் வருகிறார்கள்? ஆறு, எட்டுக்கு மேல் என்றால் வேறு இடம் பார்க்கலாம்.

2. ஒவ்வொரு கடையிலும் தலைக்கு ஒரு பங்கு வாங்குகிறார்களா, ருசி பார்க்க மட்டும் வாங்குகிறார்களா?

3. விளக்குத் தெருக்களைத் தாண்டி, ஊர்க்காரர்கள் சாப்பிடுகிற பக்கம் போகிறார்களா?

4. கடைகளின் இடத்தையும் பண்டங்களின் பெயரையும் வியட்நாமிய எழுத்தில் எழுதித் தருவார்களா?

நாலாவது கேள்விதான் உரைகல். "எழுதித் தந்தால் அடுத்த முறை எங்களிடம் வரமாட்டீர்களே" என்று தயங்குகிற நிறுவனம் ஊரைக் காட்டவில்லை, ஊரைப் பூட்டி வைத்துச் சாவி விற்கிறது. தாராளமாக எழுதித் தருகிற வழிகாட்டி தன் தொழிலைக் கெடுத்துக்கொள்வதும் இல்லை. சாப்பிட்டவர் ஊருக்குத் திரும்பிப் பத்துப் பேரிடம் சொல்லத்தான் போகிறார்.

"அப்படியென்றால் புத்தகத்தையும் செல்போனையும் பார்த்து நாங்களே போகிறோம்" என்று இரண்டாவது கட்சிக்காரர் சொல்லக்கூடும். போகலாம். ஆனால் செல்போன் காட்டுவது ஏற்கெனவே ஆயிரம் பேர் போய்வந்த கடையை. காவடித் தண்டில் விற்கிற அம்மாவுக்கு முகவரி இல்லை. அவர் எந்த மூலையில் எத்தனை மணிக்கு உட்காருவார் என்பது ஊர்க்காரருக்குத்தான் தெரியும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஹோய் ஆனில் குறைந்தது இரண்டு மாலை தங்க வேண்டும். கூட்டம் நெரியும் பௌர்ணமி விளக்குத் திருவிழா நாளைத் தவிர்த்து, முதல் மாலை ஒரு நல்ல நடையில் சேர்ந்துகொள்ள வேண்டும். மறுநாள் மாலை எழுதி வாங்கிய சீட்டோடு தனியாகப் போய், முந்தின நாள் பிடித்த கடையில் ஒரு முழுக் கிண்ணம் வாங்கி, முழு விலை கொடுத்து, ஸ்டூலில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட வேண்டும். அந்தக் கிண்ணத்தின் காசு நேராகக் கடைக்காரம்மாவின் கைக்குப் போகும். முகத்தை ஞாபகம் வைத்திருந்து இன்னொரு பிடி கீரை அள்ளிப் போட்டாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.