வலைச்செயலி வழங்கும் ஆவணங்களில் தமிழ்ப் பாடத்தின் நம்பகத்தன்மை

முன்னுரை

உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் நிலமுடைய ஒருவர் தம் பட்டாவின் படியைப் பெற வட்டாட்சியர் அலுவலகத்தில் காத்திருக்க வேண்டிய நிலை இன்று பெரிதும் குறைந்துவிட்டது. நில ஆவணங்களுக்கான அரசின் மின்னணுச் சேவை வலைத்தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் ஆகியவற்றை உள்ளிட்டால் ஆவணம் உலாவியில் தோன்றுகிறது. வில்லங்கச் சான்றும் இவ்வாறே இணையவழி கிடைக்கிறது. இவை ஆயத்தமாக எழுதி வைக்கப்பட்ட தாள்கள் அல்ல. கேட்ட நொடியில் உருவாக்கப்படுபவை.

நன்செய், புன்செய், தீர்வை, உட்பிரிவு முதலிய வருவாய்த்துறைச் சொற்களும் ஊர்ப்பெயர்களும் மக்கட்பெயர்களும் நிறைந்த இவ்வாவணங்கள் தமிழாய்வுக்கும் சான்றுகளாகும் தகுதியுடையவை. ஆகவே இவற்றிலுள்ள தமிழ் கண்ணுக்குரிய வடிவமாக மட்டுமின்றி, கணினி அறியும் எழுத்தாகவும் அமைதல் வேண்டும். அதனை உறுதிசெய்யும் பொறுப்பில் தமிழ்த்துறைகளுக்கும் பங்குண்டு என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்தாகும்.

ஆவணம் உருவாகும் முறை

உலாவியின் வேண்டுகோள் வழங்கியைச் சென்றடைந்ததும், அங்குள்ள செயலி தரவுத்தளத்திலிருந்து உரிய விவரங்களை எடுத்து, முன்னமைந்த படிவத்தில் நிரப்பி, ஆவணத்தை உருவாக்குகிறது. ஆவணத்திற்கு முன்பாகச் சில குறிப்புகளும் அனுப்பப்படுகின்றன. ஆவணம் எவ்வகையைச் சார்ந்தது, எந்த எழுத்துக் குறியாக்கத்தில் உள்ளது, திரையில் காட்டத்தக்கதா, பதிவிறக்கத்தக்கதா, கோப்பின் பெயர் யாது என்பன அக்குறிப்புகளாம். குறியாக்கம் தவறாகச் சுட்டப்பட்டால் தமிழ் முழுவதும் பொருளற்ற குறிகளாக மாறும்.

எச்டிஎம்எல் வடிவில் அனுப்பப்படும் ஆவணத்தில் எழுத்துகளை முறைப்படி கோக்கும் பணியை உலாவியே செய்கிறது. பிடிஎஃப் வடிவில் அப்பணியை வழங்கியிலுள்ள செயலி முன்னரே செய்து முடிக்க வேண்டும். தமிழுக்குரிய சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

வடிவும் எழுத்தும்

ஒருங்குறியில் மெய்யெழுத்தின் குறியே முதலில் நிற்கும். உயிர்க்குறி அதன் பின்னரே வரும். பார்வைக்கு இடப்பக்கம் நிற்கும் கொம்பும் சேமிப்பில் பின்னரே இடம்பெறும். ‘கொ’ என்பதில் ககரத்தை அடுத்து ஒகரக்குறி சேமிக்கப்பட, திரையில் கொம்பு முன்னும் கால் பின்னுமாகப் பிரிந்து தோன்றும். இந்த இடமாற்றத்தை அறியாத மென்பொருள் பிடிஎஃப் உருவாக்கினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் விழும். இது கண்ணுக்குத் தெரியும் பிழை. எனவே எளிதில் திருத்தப்படுகிறது.

ஆனால் திருத்தும் முறையே மற்றொரு பிழைக்கு வழிவகுக்கிறது. சில செயலிகளில் மெய்க்குறியையும் கொம்பையும் இடம்மாற்றி வைத்துத் தோற்றம் சரிசெய்யப்படுகிறது. அச்சில் சொல் செம்மையாக விளங்கும். கோப்பினுள்ளோ கொம்பு, ககரம், கால் என்னும் வரிசையே இருக்கும். இது கண்ணுக்குத் தெரியாத பிழை. அச்சொல்லைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் சிதையும், தேடினால் அகப்படாது, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பான் அதனைப் பிழையாக ஒலிக்கும்.

இந்நிலை சுவடிப் பதிப்பு அறிந்தோர்க்குப் புதிதன்று. புள்ளியிடாத ஏடுகளில் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி நின்றன. காலும் ரகரமும் ஒன்றுபோல் எழுதப்பட்டன. அன்று இடர் தந்த அதே கொம்பும் காலும் இன்றும் இடர் தருகின்றன. ஏட்டைப் படித்த பதிப்பாசிரியர் இடம் நோக்கிப் பாடத்தைத் துணிந்தார். தேடுபொறிக்கு அத்தகைய துணிபு இல்லை.

ஊர்ப்பெயராய்வில் விளையும் குறை

இப்பிழை எல்லாச் சொற்களையும் ஒரே அளவில் தாக்குவதில்லை என்பது ஆய்வாளர் சிறப்பாகக் கருதத்தக்கது. பூளவாடி, கணியூர், தளி ஆகிய பெயர்களில் முன்நிற்கும் குறி இல்லை. எனவே குறிவரிசை மாறுவதால் அவற்றுக்குக் கேடில்லை. கொழுமம் சிதையும். உடுமலைப்பேட்டை என்னும் பெயரிலோ லை, பே, டை என மூன்றிடங்கள் சிதையும்.

ஊர்ப்பெயரீறுகளை எண்ணும் ஆய்வொன்று இத்தகைய ஆவணங்களைக் கணினிவழித் தொகுப்பதாகக் கொள்வோம். பட்டி, ஊர், வாடி, குளம், புரம் ஆகிய ஈறுகள் முறையாகக் கணக்கில் வரும். பாளையம், பேட்டை, கோட்டை, மேடு ஆகியன விடுபடும். கொங்குப் பகுதியில் பாளையம் என்னும் ஈறு பெருவழக்கினது. அது குறைந்து, பட்டி மிகுந்து காணப்படும் பட்டியல் அப்பகுதியின் குடியேற்ற வரலாற்றையே பிழையாகக் காட்டும். பட்டியல் வெறுமையாக வந்தால் ஆய்வாளர் ஐயுறுவார். பாதி நிறைந்து வருவதால் அதனை நம்பிவிடுவார்.

எழுத்துக்கூட்டல் பற்றியும் ஒன்று கூறத்தக்கது. ‘ஔ’ என்னும் ஓரெழுத்துக்கு மாற்றாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டச்சு செய்வதுண்டு. தோற்றத்தில் ஒன்றாயினும் இவை கணினிக்கு இருவேறு சொற்கள்.

சான்று காட்டும் முறை

2009ஆம் ஆண்டு திருப்பூர் மாவட்டம் உருவானபோது, கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்த உடுமலைப்பேட்டை அதனுள் சேர்ந்தது. பின்னர் உருவாக்கப்படும் ஆவணத்தில் புதிய மாவட்டப் பெயரே இடம்பெறும். பழைய தாள் தன் காலத்தைத் தன்னகத்தே கொண்டிருந்தது. தரவுத்தளத்திலிருந்து பிறக்கும் ஆவணமோ அது பிறந்த நாளின் நிலையையே காட்டும். இன்று காணும் பாடமும் அடுத்த ஆண்டு காணும் பாடமும் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பதில்லை.

ஆதலால் வலைமுகவரி ஒன்றை மட்டும் சுட்டுவது போதிய சான்றாகாது. இணையவழிப் பட்டாவில் அச்சிட்ட நாளும் நேரமும் குறிக்கப்படுவதோடு, மெய்ம்மை சரிபார்க்கக் குறிப்பு எண்ணும் தரப்படுகிறது. இது பாராட்டத்தக்க நடைமுறை. சுவடியைச் சுட்டுவோர் சுவடி எண்ணைக் குறிப்பதுபோல, இத்தகைய ஆவணத்தைச் சுட்டுவோர் குறிப்பு எண்ணையும் பெற்ற நாள், நேரத்தையும் குறித்து, படியொன்றைப் பாதுகாத்தலும் வேண்டும்.

மறுப்பும் விடையும்

பட்டா பெறுவோர்க்கு அச்சு செம்மையாக இருந்தால் போதும். கோப்பின் உள்வரிசை பற்றிய கவலை மிகையானது எனக் கூறப்படலாம். நிலமுடையார் ஒருவரின் உடனடித் தேவைக்கு இது பொருந்தும். ஆயினும் ஆவணம் ஒருவர் ஒருமுறை நோக்குவதற்கு மட்டும் உரியதன்று. பார்வையற்ற குடிமகனும் அதனைப் படிக்க உரிமையுடையவர். நாளைய ஆய்வாளரும் அதனைத் தேடுவார். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றதன் பயன், ஆவணத்தினுள்ளும் அவ்வெழுத்து முறை பிழையின்றி நிலவும்போதுதான் முழுமை பெறும்.

செய்யத்தக்கன

1. தமிழ் எழுத்துகளை முறைப்படி கோக்கும் திறனுடைய மென்பொருளைக் கொண்டே பிடிஎஃப் ஆவணங்கள் உருவாக்கப்பட வேண்டும். எச்டிஎம்எல் பக்கத்தை உலாவிப் பொறியின் வழியே பிடிஎஃப் ஆக்குவது ஒரு நல்ல வழி. வடிவங்களை உரிய ஒருங்குறி எழுத்துகளோடு இணைக்கும் அட்டவணையும் கோப்பில் பிழையின்றி இருத்தல் வேண்டும்.

2. பிடிஎஃப் வடிவோடு, தேடத்தக்க எச்டிஎம்எல் வடிவமும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் வழங்கப்பட வேண்டும்.

3. தமிழ்த்துறைகள் சோதனைச் சொற்பட்டியல் ஒன்றை உருவாக்கி, கணினித்துறையினர்க்கு அளித்தல் வேண்டும். கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்குறி பெற்ற சொற்களும் ஔகாரச் சொற்களும் கிரந்த எழுத்துச் சொற்களும் அதில் அடங்க வேண்டும். ஆவணத்திலிருந்து அச்சொற்களைப் படியெடுத்து ஒட்டியும் தேடியும் நோக்குவதே சோதனை.

4. தமிழாய்விதழ்களும் தம் வலைத்தளங்களில் வழங்கும் கட்டுரைகளை இதே சோதனைக்கு உட்படுத்துதல் நலம்.

முடிவுரை

ஏட்டிலிருந்து அச்சுக்கு மாறிய காலத்தில் பாடத்தைக் காக்கும் பணியைத் தமிழறிஞர்கள் தாமே மேற்கொண்டனர். அச்சிலிருந்து உலாவிக்கு மாறும் இக்காலத்தில் அப்பணி நிரலாளர்களிடம் மட்டும் விடப்பட்டுள்ளது. எந்தக் குறி எந்த எழுத்துக்கு உரியது, எது எதனோடு மயங்கும் என்பவற்றைச் சொல்ல வல்லவர் தமிழ் கற்றவரே. கொழுமம் என்று தேடினால் கொழுமம் கிடைக்க வேண்டும். அது கிடைக்கிறதா என்று பார்ப்பது தமிழாய்வின் பணிகளுள் ஒன்றாகக் கொள்ளப்பட வேண்டும்.