குழந்தையின் கையும் கல்வியும்

நான்கு வயதுக் குழந்தை செம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றும்போது, ஒரு துளியும் சிந்தலாகாதென்று மூச்சையடக்கி, உதட்டைக் கடித்து, கண் இமைக்காமல் நிற்பதைப் பார்த்தவர்கள், அதை வெறும் விளையாட்டென்று சொல்லத் துணியமாட்டார்கள். 1907-ஆம் வருஷம் ரோமாபுரியின் ஸான் லொரென்ஸோ என்னும் ஏழைகளின் பேட்டையில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரி அம்மையார், பெருக்குதல், துடைத்தல், பொத்தான் மாட்டுதல் முதலிய அன்றாட வீட்டுக் காரியங்களையே பாடங்களாக அமைத்தார். அவரே 1939-இல் அடையாறுக்கு வந்து நம் நாட்டு உபாத்தியாயர்களுக்கு அம்முறையைப் பயிற்றுவித்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

புளியங்கொட்டைகளைப் பல்லாங்குழியில் இட்டு எண்ணுகிற குழந்தை, ஒவ்வொரு கொட்டைக்கும் ஓர் எண் என்னும் சூக்ஷ்மத்தை விரல் நுனியால் அறிந்துகொள்கிறது. அவரைக்காய்க்கு நார் உரிக்கையிலோ, பின்னாளில் பென்சிலைப் பிடிக்க வேண்டிய கட்டைவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் தாமாகவே பலமடைகின்றன. இவ்வளவையும் ஒதுக்கிவிட்டு, ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதச்சொல்லி, வீட்டுப்பாடமும் கொடுத்தனுப்புவது கொடுமை என்றே நான் கருதுகிறேன். பெற்றோர்கள்தான் அதை விரும்பிக் கேட்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தார் சமாதானம் சொல்வதுண்டு. உண்மைதான், நோட்டுப் புத்தகம் கண்ணுக்குத் தெரிகிறது, விரலில் ஏறிய ஞானம் தெரிவதில்லை. ஆகையால், மாதத்தில் ஒரு நாள் காலையில் பெற்றோர்களை வகுப்பறைக்கு அழைத்து, பேசாமல் ஒரு மூலையில் உட்காரவைத்து, தங்கள் குழந்தை பட்டாணியையும் கடலையையும் தனித்தனியே பிரித்தெடுப்பதைப் பார்க்கும்படி செய்யவேண்டும்.