கோல்ட்வாட்டர் காத்தது யாருடைய உரிமை?

அரசியலில் கொள்கைப் பிடிப்பு அரிது. ஆகவே, கொள்கைக்காகத் தோல்வியை ஏற்றவரை உலகம் எளிதில் போற்றிவிடுகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தின் சார்பில் 1953 முதல் 1965 வரையிலும், மீண்டும் 1969 முதல் 1987 வரையிலும் செனட் அவையில் வீற்றிருந்த பேரி கோல்ட்வாட்டர் அத்தகைய போற்றுதலைப் பெற்றவர். அந்நாட்டுப் பழமைவாத இயக்கத்துக்கு உயிரூட்டியவர் என்ற புகழும் அவருக்கு உண்டு. அப்புகழைப் பாடுவோர் ஒரு கூற்றைத் தவறாமல் முன்வைப்பர். 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தை அவர் எதிர்த்தது இனவெறியால் அன்று, தூய கொள்கையால் என்பதே அது. இக்கூற்றின் முற்பாதியை ஒப்புக்கொள்ளலாம், பிற்பாதியே ஆராயத்தக்கது.

ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை முதலில் ஒப்புக்கொள்வதே முறை. 1957, 1960ஆம் ஆண்டுகளின் குடிமை உரிமைச் சட்டங்களை அவர் ஆதரிக்கவே செய்தார். அரிசோனா வான்படைக் காவற்பிரிவை அமைத்தபோது அதில் இனப்பிரிவினைக்கு அவர் இடம் தரவில்லை. ஆயினும், 1964 ஜூன் 19ஆம் நாள் செனட் அவை 73க்கு 27 என்ற கணக்கில் அச்சட்டத்தை நிறைவேற்றியபோது, எதிர்த்த 27 பேருள் அவரும் ஒருவர். அவருடைய குடியரசுக் கட்சியின் உறுப்பினர் 33 பேருள் 27 பேர் ஆதரித்தனர்; எதிர்த்தோர் அறுவரே. உணவகம், தங்கும் விடுதி போன்றவற்றில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் பகுதியும், வேலை வழங்குவதில் அதனைத் தடுக்கும் பகுதியும் அரசியலமைப்புக்கு முரணானவை என்பது அவருடைய வாதம். உடைமையாளர் தம் உடைமையை விரும்பியவாறு ஆளும் உரிமையில் நடுவண் அரசு தலையிடலாகாது. மாநிலங்களின் அதிகாரத்தைப் பறிக்கலாகாது என்றார்.

உடைமையாளரின் உரிமை என்கிறார்களே, தென்மாநிலங்களில் அவ்வுரிமை இருந்ததா? 1960 பிப்ரவரி முதல் நாள், கிரீன்ஸ்பரோ நகரத்து வுல்வொர்த் கடையில் கறுப்பின மாணவர் நால்வர் பொருள் வாங்கினர், காசு பெற்றுக்கொள்ளப்பட்டது. அதே கடையின் உணவு மேடையில் அமர்ந்தபோதோ அவர்களுக்கு உணவு மறுக்கப்பட்டது. தொடர்ந்து பல நகரங்களில் இவ்வாறு அமர்ந்தோரைக் கைது செய்து இழுத்துச் சென்றவர்கள் அரசின் காவலர்கள் அல்லரோ? அதுமட்டுமன்று. பர்மிங்காம் போன்ற நகரங்களில், இரு இனத்தாரையும் ஒன்றாக அமர்த்தி உணவு வழங்குவதே சட்டப்படி குற்றம். கறுப்பினத்தவரை வரவேற்க விரும்பிய உடைமையாளரின் கைகளையும் அரசே கட்டிப்போட்டிருந்தது. அரசு ஏற்கெனவே கடைக்குள் புகுந்து ஒருசாராரின் பக்கம் நின்றிருந்த இடத்தில், அரசே தலையிடாதே என்று முழங்குவது நடுவுநிலை ஆகாது.

மாநில உரிமை என்னும் வாதமும் இத்தகையதே. 1960இல் வெளிவந்த தம் நூலில், பள்ளிகளில் இரு இனப் பிள்ளைகளும் ஒன்றாகப் பயில்வதைத் தாம் ஏற்பதாகவும், ஆயினும் அதனைத் தென்மாநில மக்கள்மீது திணிக்க நடுவண் அரசுக்கு அதிகாரம் இல்லை என்றும் கோல்ட்வாட்டர் கூறினார். அந்த மக்கள் எனப்பட்டோர் யாவர்? மிசிசிப்பி மாநில மக்கள்தொகையில் நூற்றுக்கு நாற்பது பேருக்குமேல் கறுப்பினத்தவர். 1964இலோ, வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவருள் நூற்றுக்கு ஏழு பேர்கூட வாக்காளராகப் பதியப்படவில்லை. வாக்குச் சாவடியின் வாயிலையே அடைத்துவிட்டு, மாநில மக்களே முடிவு செய்யட்டும் என்பது அடைத்தவனிடமே நீதி கேட்கச் சொல்வதாகும்.

அரசியலமைப்பே அவருக்குத் துணை என்பாரும் உளர். 1883இல் உச்சநீதிமன்றம் இதனை ஒத்த ஒரு சட்டத்தைச் செல்லாததாக்கியது உண்மையே. அத்தீர்ப்பின் நிழலில் எண்பது ஆண்டுகள் வளர்ந்தது எது என்பதையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். அன்றியும், 1964 டிசம்பர் 14ஆம் நாள், அட்லாண்டா நகர விடுதி ஒன்றின் வழக்கில், மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை முறைப்படுத்தும் அதிகாரத்தின்கீழ் புதிய சட்டம் செல்லும் என்று நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

அவ்வாண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் கோல்ட்வாட்டர் வென்றவை ஆறு மாநிலங்களே. ஒன்று சொந்த அரிசோனா. ஏனைய ஐந்தும் இனப்பிரிவினை வேரூன்றிய தென்மாநிலங்கள். மிசிசிப்பியில் நூற்றுக்கு 87 வாக்குகள் அவருக்கே விழுந்தன. அவர் இனவெறியர் அல்லர் எனினும், தம் கொடிநிழலில் யார் வந்து ஒதுங்கினர் என்பதை அவர் காணாமல் இருந்திருக்க இயலாது.

அவருக்குத் துணிவு இல்லாமற் போகவில்லை. 1974 ஆகஸ்ட் மாதம், தம் கட்சித் தலைவர் இருவருடன் சென்று, செனட் அவையில் ஆதரவு இல்லை என்பதை நிக்சனிடம் நேரில் உரைத்தவர் அவர். 1993இல் ஒருபாலீர்ப்புடையோர் படையில் சேர இருந்த தடையை எதிர்த்து எழுதியவரும் அவரே. விலக்கப்பட்டவன் பக்கம் நின்று உரிமையை நோக்க முதுமையில் அவரால் முடிந்தது. அந்நோக்கு மிகவும் வேண்டப்பட்ட 1964இலோ, அவர் வாயிலை அடைத்தவன் பக்கமே நின்றார்.

வரலாறு கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் இதனை ஒரு மனிதரின் குறையாக மட்டும் கொள்ளலாகாது. உரிமை என்னும் சொல் எவர் வாயிலிருந்து எழுந்தாலும், அது யாருடைய உரிமை, அதற்கு விலை கொடுப்பவர் யார் என்னும் இரு வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். அவற்றுக்கு விடை கூறாத கொள்கை எத்துணைத் தூயதாயினும், அது வலியவனுக்கே காவலாய் நிற்கும்.