அடுத்த படிக்கு அவசரம் ஏன்?

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் மும்பையின் உடற்பயிற்சிக் கூடங்களில் குழந்தைகளின் கூட்டம் பெருகிவிடுகிறது. தாதர் சிவாஜி பூங்காவில் உள்ள சமர்த்த வியாயாம மந்திர் போன்ற பழம்பெரும் நிலையங்கள் முதல், புறநகர்க் குடியிருப்புகளில் புதிதாகத் தோன்றியுள்ள வகுப்புகள் வரை மல்லகம்பமும் ஜிம்னாஸ்டிக்ஸும் கற்றுத் தரப்படுகின்றன. மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் பகுதித் தமிழ்க் குடும்பங்களும் பாட்டு, பரதம் ஆகியவற்றோடு இதையும் பிள்ளைகளுக்குச் சேர்த்துக்கொள்வது வரவேற்கத்தக்க மாற்றமாகும்.

ஆனால் சேர்த்த ஆறு மாதத்திலேயே பல பெற்றோர் கேட்கும் கேள்விதான் கவலை தருகிறது. "என் பெண் எப்போது போட்டிக்குப் போவாள்? அடுத்த வீட்டுப் பெண் மேல் பிரிவுக்குப் போய்விட்டாளே, இவள் ஏன் இன்னும் இங்கேயே இருக்கிறாள்?" என்று பயிற்சியாளரை நெருக்குகிறார்கள். கட்டணம் கொடுப்பவர் நெருக்கும்போது பயிற்சியாளரும் வளைந்து கொடுக்கிறார். இந்த அவசரத்தின் விலையைக் கொடுப்பது பெற்றோரும் அல்ல, பயிற்சியாளரும் அல்ல. குழந்தையின் முதுகெலும்பும் மணிக்கட்டும் முழங்காலுமே கொடுக்கின்றன.

வயது மட்டும் போதுமா?

இந்தியாவில் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிகள் பெரும்பாலும் வயதை வைத்தே பிரிக்கப்படுகின்றன. சப்-ஜூனியர், ஜூனியர், சீனியர் என்று பிரிவுகள் உள்ளன. பள்ளிப் போட்டிகளிலும் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்பதே கணக்கு. பிறந்த நாள் வந்ததும் குழந்தை அடுத்த பிரிவுக்குத் தானாகவே போய்விடுகிறது. முந்தைய பிரிவில் கற்க வேண்டியதைக் கற்றாகிவிட்டதா என்று சோதிக்க இந்த ஏற்பாட்டில் இடமில்லை.

அமெரிக்காவில் முறை வேறு. அங்கே சிறுமியருக்கு 1 முதல் 10 வரை பத்துப் படிகள் கொண்ட ஏணி ஒன்று இருக்கிறது. முதல் ஐந்து படிகளில் எல்லோரும் ஒரே மாதிரியான, முன்கூட்டியே வகுக்கப்பட்ட பயிற்சித் தொடரைத்தான் செய்து காட்ட வேண்டும். ஆறாவது படியிலிருந்துதான் சொந்தமாகத் தொடர் அமைத்துக்கொள்ளும் உரிமை வருகிறது. வால்ட், இரட்டைக் கம்பி, பேலன்ஸ் பீம், தரைப் பயிற்சி என்ற நான்கிலும் தலா 10, ஆக மொத்தம் 40 மதிப்பெண். நடுப் படிகளிலிருந்து மேலே ஏற வேண்டுமானால், அதிகாரபூர்வமான போட்டியில் குறிப்பிட்ட மொத்த மதிப்பெண்ணைப் பெற்றிருக்க வேண்டும். படிகளுக்குக் குறைந்தபட்ச வயதும் உண்டு. வயது, தேர்ச்சி ஆகிய இரண்டு சாவிகளும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும்.

அந்த ஏற்பாட்டில் இன்னொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. சொந்தத் தொடர் அமைக்கும் படிகளில் குறைந்தபட்சம் என்ன செய்ய வேண்டும் என்று விதிப்பதோடு, இதற்கு மேல் செய்யக் கூடாது என்றும் விதி இருக்கிறது. ஏழாவது படியில் உள்ள சிறுமி அந்தப் படிக்கு அனுமதிக்கப்படாத கடினமான வித்தை ஒன்றைச் செய்து காட்டினால் பாராட்டு கிடைக்காது, மதிப்பெண் குறையும். ஆசையைத் தூண்டுவது எளிது, அடக்குவதுதான் கடினம் என்பதை உணர்ந்து செய்த விதி அது.

தமிழருக்கு இது புதிய செய்தி அல்ல. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று படிப்படியாகப் போன பிறகே வர்ணத்தைத் தொட வேண்டும் என்பது சங்கீத குருமார்கள் வகுத்த ஒழுங்கு. சரளி வரிசை உறுதிப்படாதவர் வர்ணம் பாடினால் சுருதி விலகும், சபையில் கொஞ்சம் சிரிப்பு எழும், அவ்வளவுதான். தரையிலிருந்து 1.25 மீட்டர் உயரத்தில், 10 சென்டிமீட்டர் அகலமே உள்ள பேலன்ஸ் பீமில் பின்புறமாகக் குட்டிக்கரணம் போடும் சிறுமிக்கு அடிப்படை உறுதிப்படவில்லை என்றால் நடப்பது அதுவல்ல.

மறக்கக் கூடாத இருவர்

சோவியத் நாட்டின் எலெனா முகினா 1978ஆம் ஆண்டு உலகச் சாம்பியன். 1979இல் அவருக்குக் கால் முறிந்தது. அது முழுவதும் தேறுமுன்பே மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்காகப் பயிற்சிக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. ஆண்கள் செய்துவந்த 'தாமஸ் சால்ட்டோ' என்னும் அபாயகரமான வித்தையை அவருடைய தரைப் பயிற்சியில் சேர்த்தார்கள். அது ஆபத்தானது என்று பயிற்சியாளரிடம் எச்சரித்ததாகப் பின்னாளில் அவரே கூறினார். 1980 ஜூலையில், ஒலிம்பிக்ஸுக்கு இரண்டு வாரங்களே இருந்தபோது, மின்ஸ்க் நகரப் பயிற்சியில் அந்த வித்தை தவறியது. தாடை தரையில் மோதிக் கழுத்தெலும்பு நொறுங்கியது. இருபது வயதில் கைகால் செயலிழந்த அவர், 2006இல் மறையும் வரை அப்படியே வாழ்ந்தார்.

அமெரிக்கச் சிறுமி ஜூலிசா கோமஸின் கதை இன்னும் கொடியது. 1988இல் டோக்கியோவில் நடந்த போட்டி ஒன்றில், வால்ட் பயிற்சிக்காக ஓடி வந்தபோது அவருடைய கால் தாவு பலகையில் வழுக்கியது. தலை நேராகத் தாண்டும் குதிரையில் மோதியது. அப்போது அவருக்கு வயது 15. பலகையில் பின்புறமாகப் பாய்ந்து ஏறும் 'யுர்சென்கோ' முறைத் தாண்டலில் அவருக்குப் போதிய உறுதி வரவில்லை என்று அவரை அறிந்தவர்கள் சொன்னார்கள். ஆயினும் உயர்ந்த மதிப்பெண்ணுக்கு அந்தத் தாண்டல் தேவைப்பட்டது. மூன்றாண்டுகள் படுக்கையில் கிடந்து 1991இல் அவர் உயிர் நீத்தார். இன்று இந்த முறையில் தாண்டுவோருக்குத் தாவு பலகையைச் சுற்றிப் பாதுகாப்பு மெத்தை வைப்பது கட்டாயம்.

இருவருமே உயர்ந்த திறமைசாலிகள் என்பதை மறந்துவிடக் கூடாது. "உன்னால் முடியும்" என்று அவர்களைத் தூண்ட நூறு பேர் இருந்தார்கள். "இன்னும் நேரம் வரவில்லை" என்று சொல்லும் அதிகாரம் படைத்த ஒரு விதி இல்லை. அதுதான் குறை.

பொய் வயது

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸில் 14 வயது நாடியா கொமனேச்சி முதன்முதலாக முழுமையான 10 மதிப்பெண் பெற்றபோது, அதைக் காட்ட வழியில்லாத பலகை 1.00 என்று காட்டியது. உலகமே மகிழ்ந்தது. கூடவே, சின்னஞ்சிறு உடல்தான் இந்த விளையாட்டுக்கு ஏற்றது என்ற எண்ணமும் பரவியது. விளைவுகளைக் கண்ட சர்வதேச சம்மேளனம் சீனியர் போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயதை 1981இல் 15 ஆகவும், 1997இல் 16 ஆகவும் உயர்த்தியது. அந்த ஆண்டுக்குள் 16 நிறைந்தால் போதும் என்பது விதி.

விதி வந்ததும் அதை ஏமாற்றும் வழியும் வந்தது. 2000 சிட்னி ஒலிம்பிக்ஸில் ஆடிய சீன வீராங்கனை டோங் ஃபாங்ஷியாவுக்கு அப்போது 14 வயதுதான் என்று பின்னர் தெரியவந்தது. 2010இல் சீன அணியின் வெண்கலப் பதக்கம் பறிக்கப்பட்டு அமெரிக்க அணிக்குத் தரப்பட்டது. வட கொரியாவின் கிம் குவாங் சுக் என்ற சிறுமிக்குத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் 15 வயது என்றே எழுதியிருந்தார்கள்!

அங்கே சிறியவரைப் பெரியவர் என்று காட்டினார்கள். இந்தியாவிலோ பெரியவரைச் சிறியவர் என்று காட்டும் பழக்கம் பல விளையாட்டுகளில் வேரூன்றியுள்ளது. இதைத் தடுக்க மத்திய அரசு 2010இல் தனி விதித்தொகுப்பே கொண்டுவர வேண்டியிருந்தது. எலும்பைப் படமெடுத்து வயதை மதிப்பிடும் சோதனைகளும் நடக்கின்றன. தூண்டுதல் எங்கே இருக்கிறது என்பது தெரிந்ததே. மகாராஷ்டிரத்தில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் விளையாட்டுக்குச் சலுகை மதிப்பெண் உண்டு. அரசுப் பணிகளில் 5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. இவை நல்ல நோக்கத்தில் வந்த சலுகைகள். ஆனால் சான்றிதழே குறி என்று ஆகிவிட்டால் தேர்ச்சி பின்னுக்குத் தள்ளப்படும். பதின்மூன்று வயதுப் பெண்ணைப் பத்து வயது என்று சொல்லி நிறுத்தினால் உண்மையான பத்து வயதுக் குழந்தை பாதிக்கப்படுகிறாள். அந்தப் போட்டியைச் சமாளிக்க, தன் உடலுக்கு மீறிய வித்தையில் அவள் இறங்குகிறாள்.

காலம் போய்விடுமா?

"இது சிறு வயதில் ஆடும் ஆட்டம், காத்திருந்தால் காலம் கடந்துவிடும்" என்று வாதிடுவோர் உண்டு. ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. இன்று இல்லை. அகர்தலாவின் தீபா கர்மாகர் 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் வால்ட் போட்டியில் 15.066 புள்ளிகளுடன் நான்காவதாக வந்தபோது அவருக்கு 23 வயது. தட்டையான பாதங்களோடு ஆறு வயதில் தொடங்கிய அவரை, பயிற்சியாளர் விஸ்வேஸ்வர் நந்தி பொறுமையாக உருவாக்கினார். உலகமே அஞ்சும் 'புரோதுனோவா' தாண்டலுக்கு அவர் வந்தது பல்லாண்டு அடித்தளத்துக்குப் பிறகுதான். சிமோன் பைல்ஸ் 2024 பாரிஸில் ஒட்டுமொத்தத் தங்கம் வென்றது 27 வயதில். உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிடினா 2021இல் டோக்கியோவில் தமது எட்டாவது ஒலிம்பிக்ஸில் தாண்டியபோது 46 வயது!

மற்றொரு வாதம், திறமையுள்ள குழந்தையைத் தடுத்து வைத்தால் சலித்து விலகிவிடும் என்பது. இதில் நியாயம் உண்டு. வயது வரட்டும் என்று எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டிவைப்பது தவறுதான். தேர்ச்சியைச் சோதிக்கும் முறை வந்தால் இந்தக் குறையும் தீரும். உண்மையாகத் தயாரான குழந்தை தன் திறமையாலேயே மேலே போகும். தயாராகாத குழந்தை வெட்கமின்றி இன்னும் ஓர் ஆண்டு கீழே இருக்கும்.

ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். வளரும் குழந்தையின் எலும்பு முனைகளில் இருக்கும் வளர்ச்சிப் பகுதி மென்மையானது. கைகளை ஊன்றிக் குதிக்கும் இந்த விளையாட்டில் மணிக்கட்டு வலி சாதாரணமாக வருவது இதனால்தான். பூப்பெய்தும் காலத்தில் உயரம் திடீரென்று கூடும்போது, நேற்று எளிதாக வந்த வித்தை இன்று தவறும். அது சோம்பலும் அல்ல, பயமும் அல்ல. அந்த மாதங்களில் ஒரு படி கீழே இறங்கிப் பயில்வதற்கும் முறையில் இடம் இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

வயதுப் பிரிவுகளை நீக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் தேர்ச்சிப் படிகளைச் சேர்த்தால் போதும். சர்வதேச சம்மேளனமே உடல் திறன் சோதனைகளும் நுட்பச் சோதனைகளும் அடங்கிய வயதுவாரித் திட்டம் ஒன்றைத் தயாரித்து வைத்திருக்கிறது. அதை அடிப்படையாகக் கொள்ளலாம். சோதிப்பவர் அந்தக் குழந்தையின் சொந்தப் பயிற்சியாளராக இருக்கக் கூடாது. சப்-ஜூனியர் பிரிவில் வித்தைகளுக்கு மேல் வரம்பு கட்டாயம் வேண்டும். காயத்திலிருந்து திரும்பும் குழந்தைக்கு மருத்துவரின் அனுமதி வேண்டும். பஞ்சு நிரப்பிய குழியும் தக்க மெத்தையும் இல்லாத கூடங்களில் உயர்ந்த படிகளைக் கற்றுத்தர அனுமதிக்கலாகாது. வயதுச் சான்று முதல் பதிவின்போதே சரிபார்க்கப்பட்டு, பிறகு மாற்ற முடியாததாக இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் சம்மேளனமும் அரசும் செய்வதற்குக் காலம் பிடிக்கலாம். பெற்றோர் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பயிற்சியாளரைப் பார்க்கும்போது "எப்போது மேலே அனுப்புவீர்கள்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "மேலே போக இவளுக்கு இன்னும் என்ன வர வேண்டும்?" என்று கேட்கலாம். நல்ல பயிற்சியாளர் அந்தக் கேள்விக்கு விவரமாகப் பதில் சொல்வார். பதில் சொல்லத் தெரியாதவரிடம் குழந்தையை ஒப்படைக்க வேண்டாம்.

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. பிஞ்சு எலும்புகளின் விஷயத்தில் அதை நினைவில் கொள்வது எல்லோருக்கும் நல்லது.