கடைசித் தவணைக்கு முன்

வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் வீடு எழுப்பும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ உள்ளன. கணவர் அக்கரையில் இருப்பார். கணக்குப் பார்ப்பதும் கட்டடம் பார்ப்பதும் இக்கரையில் உள்ள மனைவியின் பொறுப்பாகிவிடும். என் சகோதரியின் மகளும் அவ்வாறே கடலோர ஊரொன்றில் மூன்றாண்டுகள் பாடுபட்டு ஒரு வீட்டைக் கட்டி முடித்தாள். ஒப்பந்தக்காரர் அயலார் அல்லர். அவள் கணவருக்குத் தூரத்து உறவினர். கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டிய வாரத்தில், "மாமா, ஒருமுறை வந்து பார்த்துவிடுங்கள்" என்று தொலைபேசியில் அழைத்தாள். எனக்குக் கட்டடம் பற்றி என்ன தெரியும்? ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றேன்.

அவரைக் கண்டதும் ஒப்பந்தக்காரரின் முகம் சுருங்கிற்று. "காக்கா, என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று என்னிடம் வருத்தத்தோடு கேட்டார். இந்தக் கேள்விக்கு அஞ்சியே நம்மில் பலர் வாய் திறவாமல் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். நானும் அன்று சற்றுக் கூசத்தான் செய்தேன்.

பொறியாளர் கொண்டுவந்தவை ஒரு தூக்குக்குண்டு, ஒரு ரசமட்டம், ஒரு டெஸ்டர், ஒரு ரூபாய் நாணயம், அவ்வளவே. நாணயத்தால் தரை ஓடுகளைத் தட்டினார். குளியலறையில் சில ஓடுகள் பொள்ளலாக ஒலித்தன. அடியில் கலவை சரிவர நிரம்பவில்லை. மொட்டை மாடியில் ஊற்றிய நீர் வடிகுழாயை நோக்கிச் செல்லாமல் படிக்கட்டு மூலையில் தேங்கிற்று. இவை திருத்தக்கூடியவை.

சுவிட்ச் பலகையைத் திறந்தபோதுதான் திடுக்கிட்டோம். மூன்று துளைகள் இருந்தன. ஆனால் வந்திருந்தவை இரண்டே ஒயர்கள். எர்த் ஒயரும் இல்லை, தோட்டத்தில் எர்த் குழியும் இல்லை. வெந்நீர்க் கருவியில் மின்சாரம் கசிந்தால், அது தரைக்குச் செல்ல வேறு வழியின்றி, அதைத் தொடுபவரின் ஈரக் கை வழியாகவே பாயும்.

அடுத்து பால்கனி. அதன் அடிப்புறத்தில் புது வர்ணத்தையும் மீறிப் பழுப்புக் கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. சிறிது கொத்திப் பார்த்ததும் பூச்சுக்கு உடனே பின்னால் கம்பி தட்டுப்பட்டது. கடற்காற்று நேரே படும் கான்கிரீட்டில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கனம் மூடியிருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 விதிநூல். கடலிலிருந்து விலகிய ஊரில், வீட்டுக்குள் 20 மில்லிமீட்டர் போதும். மூடல் குறைந்தால் உப்பு உள்ளே புகும். கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும்.

அதைவிடப் பெரிய குறையும் உண்டு. முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியைத் தாங்கும் முதன்மைக் கம்பி மேற்புறத்தில் இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டியவர்கள் மேலே நடந்து மிதித்ததில் அது அடியில் இறங்கிவிட்டிருந்தது. "இங்கே பிள்ளைகளை நிற்க விடாதீர்கள்" என்றார் பொறியாளர். அடியில் முட்டு கொடுக்கவும் சொன்னார்.

"அனுமதி பெற்ற வரைபடம்தானே?" என்றார் ஒப்பந்தக்காரர். உண்மைதான். ஆனால் வரைபடத்தில் முத்திரை குத்தியவர், கம்பி கட்டும் நாளில் வந்து பார்ப்பதில்லை. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி சிறு தனி வீடுகளுக்குப் பணி நிறைவுச் சான்றும் கட்டாயமில்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் இடிந்து 61 உயிர்களைப் பறித்த 11 மாடிக் கட்டடமும் அனுமதி பெற்றதே. அடுக்குமாடி வீடு வாங்குவோருக்கேனும் 2016ஆம் ஆண்டு மனை வணிகச் சட்டம் துணை நிற்கிறது: பதிவு பெற்ற திட்டமாயின், ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளைக் கட்டியவரே செலவின்றித் திருத்தித்தர வேண்டும். சொந்த மனையில் கட்டுவோருக்குக் கையிலுள்ள கடைசித் தவணையே பிடி.

அந்தப் பிடியை என் சகோதரி மகள் விடவில்லை. எர்த் குழி தோண்டப்பட்டது, மாடியின் வாட்டம் சரியாயிற்று. பால்கனிக்காக மட்டும் மூன்று வாரம் பேச்சுவார்த்தை நடந்தது. "ஊரில் எல்லா வீடும் இப்படித்தான்" என்பதே ஒப்பந்தக்காரரின் வாதம். இறுதியில் கணவர் அக்கரையிலிருந்து பேசிய பிறகே அதை இடித்துப் புதிதாக வார்க்க இசைந்தார். செலவில் பாதியை இவர்களும் ஏற்றார்கள்.

மறுபடியும் கம்பி கட்டி முடித்த மாலையில், கான்கிரீட் கொட்டுமுன், பொறியாளரை வரவழைத்ததோடு, தானே அளவுகோலுடன் சாரத்தில் ஏறிக் கம்பியின் உயரத்தை அளந்து பார்த்தாளாம். அதன்பின் பதினான்கு நாட்கள் காலையும் மாலையும் நீராற்றியதும் அவளேதான்.